இன்சுலினும் அதைச் சுமந்த உறையும்

விளக்கணைத்த பிறகு குழந்தையின் வயிற்றுக்குள் கடமுடாவென்று ஒரு சத்தம் கேட்டது. ஊசிக்குப் பதிலாக விழுங்கும் மருந்தாக அப்போதுதான் உள்ளே வந்திருந்த இன்சுலின் நடுங்கிப்போனது.

“யாரக்கா அது?”

“இரைப்பை அமிலம். புரதம் எதைக் கண்டாலும் கரைச்சுத் தின்னுடும். நீ வாயைத் திறக்காதே,” என்றது அதைப் பொதிந்திருந்த உறை. கடற்பாசியையும் இறால் ஓட்டையும் சேர்த்துச் செய்த, கண்ணுக்கே தெரியாத உறை அது.

அமிலம் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. “உள்ளே யாரு, முட்டையா?”

“நான் மருந்துங்க. ரத்தத்துக்குப் போகணும். போகலைன்னா காலையிலே பிள்ளைக்கு ஊசி குத்துவாங்க,” என்று இன்சுலின் உளறிவிட்டது.

“சாயங்காலம் வந்த பருப்பும் இப்படித்தான் ஏதோ கதை சொல்லிச்சு,” என்று அமிலம் பாய்ந்தது.

அது அரிக்க அரிக்க உறை இறுகிக்கொண்டே போனது. கடைசியில் அமிலம் சலித்துப்போய் விட்டுவிட்டது.

குடலுக்கு வந்ததும் உறை தளர்ந்தது. சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்த சின்னக் கதவை நெம்பித் திறந்தது. அந்தப் பக்கம் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

“போம்மா.”

“நீயும் வா, அக்கா.”

“எனக்கு அங்கே வேலை இல்லை. கதவு திறந்தே கிடந்தா கண்டதெல்லாம் நுழையும், பிள்ளைக்கு ஆகாது. நீயே தாழ் போட்டுடு.”

இன்சுலின் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தது. உறை நார் நாராகப் பிய்ந்திருந்தது. தன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

“காலையிலே பிள்ளை அழாமல் எழுந்தா, அது உன்னாலதான் அக்கா.”

“சரி சரி, சர்க்கரை ஏறிட்டிருக்கு. ஓடு.”

இன்சுலின் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டது.