நீக்கிய வரி

“மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள்.”

கல்யாணத்தை நடத்திவைக்கும் மேயர் பெர்னியே, வழக்கப்படி மணமக்களுக்கு சிவில் சட்டப் புத்தகத்திலிருந்து படித்ததும் எனக்குப் பகீரென்றது.

நெப்போலியன் காலத்து வரி. நூற்று முப்பத்துநாலு வருஷம் கிடந்ததை இந்த 1938 பிப்ரவரியில்தான் பாரிஸில் தூக்கினார்கள். புதுத் தாளைப் புத்தகத்தில் ஒட்டியதே நான். மேயர் அலுவலக குமாஸ்தா.

கல்யாணப் பெண் ஓதெத் எழுந்துவிட்டாள்.

“மேயர் ஐயா, அந்த வரி போயி எட்டு மாசமாச்சு!”

“பாரிஸ்ல போயிருக்கும். இங்க நான் படிக்கிறதுதான். உட்காரும்மா.”

“பழசோ புதுசோ, சீக்கிரம் முடிங்கய்யா! அங்க கன்னுக்குட்டிக் கறி கருகுது” என்றான் பின்வரிசையில் ஒருவன். சிரிப்பு.

“அந்த வரியை விட்டுட்டுப் படிங்க. இல்லேன்னா நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.”

மாப்பிள்ளை ராவுல் சிரித்த முகத்தோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“நல்ல வரிதானே ஐயா. இன்னொரு தரம் சத்தமாப் படிங்க. இவ காதுல ஏறட்டும்.”

“கையை விடு, ராவுல். வலிக்குது.”

“உட்காருடி! வீட்டுக்கு வா, வெச்சுக்கறேன்.”



மேயர் ராவுலின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஓதெத், இவரைக் கணவராக ஏற்கச் சம்மதமா?”

“இல்லை.”

அவ்வளவுதான். நாற்காலி பறந்தது. ராவுலின் அப்பன், மேயர் பதவிக்கு அடையாளமாகத் தோளில் போட்டிருந்த மூவர்ணப் பட்டையைப் பிடித்து உலுக்கினான். “கிழட்டுக் கழுதை! ஒத்த வரியில என் பையன் கல்யாணத்தைக் கெடுத்தியே!”

ஓதெத்தின் அம்மா மேயரை வாய்க்கு வந்தபடி சபித்துவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

கூடம் காலியானதும் எனக்கும் பொறுக்கவில்லை.

“மார்ச்சுல உங்க மக கல்யாணத்துக்குப் புதுசைத்தானே படிச்சீங்க. ஊரான் பொண்ணுன்னா பழசா? வெக்கமா இல்ல?”

“படிச்சேன்யா. எல்லாத்துக்கும் ஆட்டுக்குட்டி மாதிரி தலையாட்டினான் என் மாப்பிள்ளை.”

பட்டையைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார்.

“நேத்து என் மக எங்க வீட்டுக்கே திரும்பி வந்துட்டா. முன்பல்லு ரெண்டைக் காணோம். இனிமே எவன் வந்தாலும் முதல்ல பழசுதான். அதைக் கேக்கறப்ப அவன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் புதுசு.”