உள்ளே ஆள் இருக்கு

"உள்ள ஆள் இருக்குங்க ஐயா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

காளியம்மா கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். தலையில் ஈரத் துண்டு, இடுப்பில் கை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சபாபதிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ரெங்கம் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில், அவர் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றவர்கள் இதுவரை துரைமார்கள் மட்டும்தான்.

பழைய துரை நீந்துவதற்காக ஓடையை மறித்துக் கட்டிய குளம் அது. உடை மாற்றிக்கொள்ளக் கரையில் பலகையடித்து ஓர் அறையும் கட்டியிருந்தார். புதிய துரைக்கும் தண்ணீருக்கும் ஆகாது. விஸ்கியில் கலப்பதற்குக்கூட யோசிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூலிக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் குளித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

கிராணிக்கு அது பொறுக்கவில்லை. குளம் எல்லாருக்கும், அறை மட்டும் என் சம்சாரத்துக்கு என்று போன மாதம் சட்டம் போட்டார். மற்றவர்கள் புதர் மறைவில் சேலை மாற்றிக்கொள்ள வேண்டும். போன வாரம் அந்தப் புதருக்குப் பின்னால் இரண்டு தடியன்கள் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஈரச் சேலையோடு லயம் வரைக்கும் ஓடினார்கள். கிராணியிடம் போய்ச் சொன்னதற்கு, "ஒங்கள யாரு குளிக்கச் சொன்னது?" என்றார்.

இன்று மனைவி குளிக்க வருமுன் இடத்தைக் காலி செய்து வைக்கலாம் என்று, கங்காணி ஐயாசாமியையும் கூட்டிக்கொண்டு ஆபீசிலிருந்து நேரே வந்தவர்தான், இப்படிச் சாத்திய கதவின் முன்னால் நிற்கிறார்.

"யாருடி உள்ள? இது எங்க வீட்டு அம்மா ரூம்புன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. இனிமே புதருக்குப் போறதில்லன்னு நாங்களுந்தான் சொன்னோம். அது ஒங்க காதுல விழல."

குளத்துப் படியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கங்காணியும் சிரிக்கப் பார்த்து, கிராணியின் முகத்தைக் கண்டதும் அதை இருமலாக்கிக்கொண்டார்.

"அம்மா இப்ப வந்துருவா. ஒங்களோட ஒரே ரூம்புல நின்னு சேல மாத்துவாளா? அவ குலம் என்ன, நீங்க என்ன? ஒங்க பக்கத்துல நிக்கறதுக்கே அவளுக்குக் கூசும்."

"அது அம்மா சொன்னதா, நீங்க சொல்றதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டி!"

கிராணி எட்டிக் கதவை ஓங்கித் தட்டினார். உள்ளே யாரோ சேலையைப் பிழிந்து உதறும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சமும் அவசரமில்லாத உதறல்.

"ராஜம்மாதானே உள்ள? அவளுக்குத்தான் இவ்வளவு திமிரு."

"யாரா இருந்தா என்னங்க? பொம்பள துணி மாத்துறா. தட்டாதீங்க."

"உள்ள இருக்கறவளக் கட்டினவன் எங்க? பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன்லாம் ஒரு ஆம்பளயா? இழுத்துட்டு வாங்க அவன!"

"அவரு வீட்டுல தெனமும் கத்துறவருதான் ஐயா. அவளுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப் போச்சு."

மறுபடியும் சிரிப்பு. கிராணிக்குக் காது மடல் சிவந்தது. அதற்குமேல் அவரிடம் ஒரே ஆயுதம்தான் பாக்கி இருந்தது. அதை எடுத்தார்.

"கப்பல் ஏத்திடுவேன்!"

சிரிப்பு நின்றது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன வருஷம் அது. வேலை இல்லை என்று கிராணி பேர் எழுதிக் கொடுத்தால் போதும், குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி, கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். ஊரில் நிலமும் கிடையாது, வீடும் கிடையாது. கப்பல் என்றாலே லயத்தில் சோறு இறங்காது.

"நல்லாக் கேட்டுக்க. உள்ள இருக்கறவ எவளா இருந்தாலும் சரி, மூட்டையக் கட்டி ஊருக்கு அனுப்பிடுவேன். மறிச்சிக்கிட்டு நிக்கிறியே, நீயும் அவகூடவே போ!"

காளியம்மாவின் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இந்த மனுஷன் செய்யக்கூடியவர்தான், போன மாதம் செய்தும் காட்டியவர். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் புதருக்குப் பின்னால் கேட்ட அந்த இளிப்பு நினைவுக்கு வந்தபோது, பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"அனுப்புங்க. நாங்க போனாலும் எங்க பொம்பளைங்க இந்தக் கதவச் சாத்திக்கிட்டுத்தான் துணி மாத்துவாங்க. எவளா இருந்தாலும் அனுப்புவீங்கதானே? கங்காணியார் சாட்சி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறுறவன் நான் இல்ல! எங்கப்பன் மேல ஆணை! எவளா இருந்தாலும் கப்பல்தான்!"

தாழ்ப்பாள் விலகியது. காளியம்மா நகர்ந்து வழிவிட்டாள். முதலில் ராஜம்மா வெளியே வந்தாள்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல!" என்று கிராணி கங்காணியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கங்காணி சிரிக்கவில்லை. அவர் பார்வை கதவிலேயே இருந்தது.

ராஜம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் படியில் பார்த்துப் பார்த்து இறங்கினாள் கிராணியின் மனைவி தனலெட்சுமி.

"தாழ்ப்பாளப் போட்டது நான்தாங்க," என்றாள் ஈரக் கூந்தலை உதறி முடிந்தபடி. "ஊருல எங்கம்மாவப் பாத்து வருஷக்கணக்காச்சு, எத்தன தடவ கேட்டும் அனுப்பல. சொல்லுங்க, கப்பல் என்னிக்கு?"