மூக்குச் சாட்சி

“சுவரை ஒரு தடவை மோந்து பார்த்தாப் போதும். ஏ.சி.யை எத்தனை மணிக்குப் போட்டாங்க, எப்ப நிறுத்துனாங்க, அடியில படுத்திருந்தது யாருங்கிற வரைக்கும் சொல்லிடுவேன்” என்றார் மாமனார். முப்பத்தைந்து வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

“நீங்க போலீஸ்ல சேர்ந்திருந்தா அங்க இருக்கிற நாய்ங்களுக்கெல்லாம் வேலை போயிருக்கும் மாமா” என்றார் மாப்பிள்ளை.

கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூசணம். தேய்த்துக் கழுவினால் பத்தே நாளில் மறுபடி முளைக்கும். இந்த முறை நாலு ஆட்டை மேயவிடலாம் போல அடர்ந்து கிடந்தது. பேத்திக்கு ஒரு மாசமாக இருமல்.

“ராத்திரி இருபத்தாறுல வைக்கிறோம். சாயந்திரம் வந்து பார்த்தா ரிமோட்டுல பதினாறு நிக்குது” என்றாள் மகள். “பகல்ல யாரோ போடுறாங்கப்பா.”

“நீ ஸ்கூலுக்குப் போயிடுற. நான் வெயில்ல ஊரெல்லாம் அலைஞ்சு மருந்து விக்கிறவன். மிச்சம் யாரு?” என்றார் மாப்பிள்ளை. “மாமா கொஞ்ச நாள் உன் அக்கா வீட்டுல இருக்கட்டும். குழந்தைக்காகச் சொல்றேன்.”

“பதினோரு மணிக்கு லைப்ரரிக்குப் போனா அஞ்சுக்குத்தான் வர்றேன் மாப்பிள்ளை.”

வாசலில் மாமனாரின் பெட்டி தயாராக நின்றது. மாப்பிள்ளையே கட்டி, பூட்டும் போட்டிருந்தார். அவ்வளவு சுறுசுறுப்பு.

மாமனார் கட்டிலில் ஏறி, சுவரில் மூக்கை ஒட்டி, வீட்டுக் காற்றையே காலி செய்வதுபோல இழுத்தார்.

“ஐயோ, பால்” என்று மகள் சமையலறைக்கு ஓடினாள். கரிந்த பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். “பால் தீயுறது தெரியலையாப்பா?”

“அப்படியா? எனக்கு ஒண்ணும் வரலையேம்மா.”

மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தெருவே நாறுது. அது தெரியலையாம். சுவரை மோந்து ஆளைப் பிடிக்கப் போறாராம்.”

மாமனார் அசரவில்லை. “மதியம் ஒருத்தன் வர்றான். பதினாறுல வச்சிட்டு மல்லாந்துடுறான். கிளம்பும்போது, ரூம் சில்லுன்னு இருந்தா மாட்டிக்குவோமேன்னு ஜன்னலைத் திறந்து விடுறான். வெக்கையான வெளிக்காத்து, ஜில்லுன்னு இருக்கிற சுவர்ல பட்டதும் சுவர் வேர்த்து ஊத்துது. அது காயுறதுக்குள்ள ஜன்னலைச் சாத்திட்டு ஓடிடுறான். குளிரை மறைக்கப் போய்ப் பூசணத்தை வளர்த்துட்டான் பாவி.”

“நல்லாத்தான் கதை விடுறீங்க. ஆளு யாரு?”

“சரியான கும்பகர்ணன். அவன் விடுற குறட்டையில சுவரே கீறல் விட்டிருக்கு, பாருங்க. மதியம் ஒரு மணிக்குச் சாஞ்சா, நாலரை வரைக்கும் எழுந்திரிக்கிறதில்லை. வேலைவெட்டி இல்லாத தடிமாடு.”

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. “வாய்க்கு வந்தபடி அளக்காதீங்க மாமா. நாலரை வரைக்கும் எவன் தூங்குனான்? ரெண்டரைக்கெல்லாம் எழுந்து வேலைக்குக் கிளம்பிடுறேன்.”