இன்னும் ஒரு கேள்வி

"படிப்பைத் தள்ளிப்போட என்னெல்லாம் செய்வே, தம்பி?" செல்போனில் பதிவை ஓடவிட்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள் ஆராய்ச்சி மாணவி. மாணவர்களின் தள்ளிப்போடும் பழக்கம்தான் அவளுடைய ஆய்வு.

"புத்தகத்தை எடுத்தாலே வீட்டுல இருக்கிற தூசியெல்லாம் கண்ணுல படும்க்கா. போன வாரம் ஒரே ஃபேனை மூணு தடவை துடைச்சேன். பரீட்சை வந்தா எங்கம்மாவுக்குக் கொண்டாட்டம்தான்!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆனா பேட்டிக்கு மட்டும் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டியே?"

"நாளைக்குப் பரீட்சைக்கா."

"அடப்பாவி!"

"சரி, நான் கிளம்பறேன்."

"அதுக்குள்ளயா? உட்காரு, இன்னும் ஒரு கேள்வி இருக்கு."

அவன் நோட்டை எட்டிப் பார்த்தான். பக்கத்தின் மேலே 'பேட்டி எண் 43' என்று இருந்தது.

"பதினஞ்சு பேர் போதும்னுதானே நோட்டீஸ்ல போட்டிருந்தீங்க?"

அவள் சட்டென்று பதிவை நிறுத்தினாள். குரலும் தானாக இறங்கியது.

"பேட்டி முடிஞ்சுட்டா ஆய்வேட்டை எழுத உட்காரணுமே, தம்பி! வெள்ளிக்கிழமை கொடுக்கணும். இன்னும் ஒரு வரிகூட எழுதல."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாகச் சாய்ந்துகொண்டான்.

"பதிவைப் போடுங்கக்கா. அந்த ஃபேன் கதையை முதல்லேருந்து விலாவாரியாச் சொல்றேன்."