அவளுடைய வினாத்தாள்

அப்பா லட்டு டப்பாவைச் சபரியிடம்தான் முதலில் நீட்டினார்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த போனில் இருவரின் தேர்வு முடிவும் தெரிந்தது.

இரட்டைப் பிள்ளைகள். ஒரே கோச்சிங் சென்டரில் சேர்ந்து படித்தவர்கள். நுழைவுத்தேர்வு மட்டும் வேறு வேறு நாளில் விழுந்தது. வினாத்தாளும் வேறு.

அவனுக்கு நூற்று அறுபத்து மூன்று மதிப்பெண். அவளுக்கு நூற்று நாற்பத்தொன்று.

பர்சன்டைலில் அவள்தான் மேலே.

விடைக்குறிப்பு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். தன் தாள் கடினம் என்று. அதை எழுதிய எல்லோருமே திணறினார்கள் என்று. எத்தனை வாங்கினோம் என்பதல்ல, கூட எழுதியவர்களில் எத்தனை பேரை முந்தினோம் என்பதுதான் கணக்கு என்று. காபி கொடுக்கும்போது சொன்னாள். பைக்கில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து, காற்றுக்கு மேல் கத்திச் சொன்னாள்.

இன்று போனைக் காட்டியும் சொன்னாள்.

"நூத்தி அறுபத்திமூணு பெருசா, நூத்தி நாப்பத்தொண்ணு பெருசா?" என்றார் அப்பா. "கம்மியா வாங்குனவங்க சொல்ற சாக்கு இது."

இரண்டு பேரையும் வெளியூர் அனுப்பித் தன்னால் படிக்கவைக்க முடியாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். முந்தியவர் போகலாம். மற்றவருக்கு அருப்புக்கோட்டையிலேயே ஏதாவது பி.எஸ்சி.

சபரிக்கு எல்லாம் தெரியும். "என் பேப்பர் தண்ணி மாதிரிடி. உனக்குத்தான் கொடூரமா வந்திருக்கு" என்று அவளிடம் சிரித்தவன் அவன்தான்.

இப்போது லட்டு தின்றுகொண்டிருந்தான்.

அவளுக்குக் காதுமடல் கொதித்தது. அப்பாவின் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை.

அப்பா பெரியப்பாவுக்குப் போன் போட்டார். "நம்ம பயதான்ணே..."

அவள் அந்தப் போனைப் பிடுங்கினாள். சபரியின் மடியில் எறிந்தாள்.

"சொல்லுடா."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். மடியில் கிடந்த போன் ஹலோ, ஹலோ என்றது.

சபரி வாயில் இருந்ததை விழுங்கினான். தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அவ பேப்பர் கஷ்டம்ப்பா. எனக்கு லேசா வந்துச்சு. அவதான் முன்னாடி இருக்கா."

அவள் சொன்னதில் பாதிகூட இல்லை.

"அப்படியா?"

அப்பாவின் முகமே மாறிவிட்டது. "இத ஏன்டா இத்தன நாளா யாரும் எங்கிட்ட சொல்லல?"

போனை எடுத்துப் பெரியப்பாவிடம் என்னவோ சிரித்துப் பேசினார். பிறகு அவளிடம் நீட்டினார். "இந்தா தாரணி. அதென்ன கணக்குன்னு பெரியப்பா கேக்குறாரு. நீயே வெளக்கமா சொல்லும்மா."

அவள் கையை நீட்டவில்லை.

"அதான் அவன் சொல்லிட்டான்ல."