மாடி அறை போஸ்டர்

"என்னங்க இது, கார்ட்டூனு ஓடுது? அவரு கும்புடற ராக்கெட்டுல ஒரு குடும்பமே துணி காயப்போடுது!" தர்மவதி பதறினாள்.

"சிடி கவர்ல அதே ராக்கெட்டுதான் போட்டிருந்துச்சி. கிண்டல் பண்ற படம்னு எனக்கு எப்படித் தெரியும்?" சீவகனுக்கு வியர்த்தது.

மாடியில் குடியிருக்கும் ஜெர்மன்காரர் மார்ட்டின், அந்த ராக்கெட் வரும் பழைய விண்வெளிப் படத்தின் போஸ்டரைச் சாமி படம்போல் சுவரில் மாட்டியிருப்பவர். அவரைக் குஷிப்படுத்தத்தான் சிடி எடுத்து வந்து, கீழே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார் சீவகன்.

டிவியைப் பார்க்கப் பார்க்க மார்ட்டினின் முகம் சிவந்தது. கழுத்தில் கிடந்த துண்டைப் பல்லில் கடித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது. சட்டென்று எழுந்து மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அழுதுட்டாருங்க. ரூமைக் காலி பண்ணிடப் போறாரு."

"காலையில மன்னிப்பு கேட்டுடறேன், வுடு."

விடிந்ததும் மாடியில் பெருஞ்சத்தம். சீவகன் ஓடிப் போய்ப் பார்த்தார். மார்ட்டின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த சிடி... மறுபடி போடுங்க!"

ஒரு மாத மௌன விரதம் அன்று விடியலோடு முடிந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.