பதினெட்டு மில்லிமீட்டர்

"அளந்துட்டீங்களாம்மா? எவ்வளவு வருது?" என்றார் மேலாளர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அவள் தடிமன் அளக்கும் திருகுக் கருவியான மைக்ரோமீட்டரின் கோட்டை இன்னொரு தடவை பார்த்தாள். அதன் வாயில் சிக்கியிருந்த எஃகுப் பின் சுண்டுவிரல் நீளம்தான்.

"பதினெட்டு மில்லிமீட்டர் சார். அச்சா அப்படியே வருது."

"வரைபடத்திலயும் பதினெட்டுதான். ரொம்ப சரி." அவளுடைய விண்ணப்பத்தில் ஒரு டிக் அடித்தார். "அடுத்த கேள்விக்குப் போகலாமா?"

போயிருக்கலாம். தரக் கட்டுப்பாட்டு வேலைக்காக அவள் வந்திருக்கும் நாலாவது நேர்காணல் இது. "அக்கா, இந்தத் தடவையாவது கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவங்க ஃபேக்டரியை நீ திருத்த வேண்டாம். முதல்ல உள்ள நுழையற வழியைப் பாரு" என்று தங்கை காலையில் கும்பிடாத குறையாகச் சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டிருந்தாள்.

பழைய கம்பெனியில் அவளுக்கு 'சிவப்புச் சீட்டு' என்று பட்டப்பெயர். சோதனையில் தேறாத கருவி எதுவானாலும், யாருடையதானாலும், சிவப்புச் சீட்டைக் கட்டி ஒதுக்கிவிடுவாள். கடைசியாகக் கட்டியது முதலாளியின் மச்சான் உயிராக வைத்திருந்த வெர்னியருக்கு. மறுவாரமே அவளுடைய சீட்டு கிழிந்தது.

வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூன்று விநாடி தாங்கியது.

"சார், பதினெட்டுனு இந்த மைக்ரோமீட்டர்தான் சொல்லுது. நான் சொல்லலை."

மேலாளரின் பேனா பாதியில் நின்றது. "அப்படின்னா?"

"இதைத் திருகும்போது மத்த இடமெல்லாம் ஒரே சீரா, கொஞ்சம் இறுக்கமாப் போகுது. பதினெட்டுக்கிட்ட வந்தா மட்டும் லொடலொடங்குது."

"அதுல பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, பார்க்கலையா? போன மாசம்தாம்மா சோதிச்சது. பூஜ்யத்துல சரி, இருபத்தஞ்சுல சரி."

"ரெண்டு கோடியிலயும் சரியாத்தான் சார் இருக்கும். அங்க யார் போறாங்க? உங்க ஆளுங்க நாள் பூரா அளக்கிறது பதினெட்டு மட்டும்தானே? மாடிப்படியில எல்லாரும் மிதிக்கிற இடம்தான் தேயும். ஓரம் புதுசாவே கிடக்கும்."

தங்கை பக்கத்தில் இருந்திருந்தால் மேஜைக்கடியில் காலை நசுக்கியிருப்பாள்.

மேலாளர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே, அளக்கும் கருவிகளையே அளந்து பார்க்கும் எஃகுக் கட்டைகள் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. பதினெட்டு மில்லிமீட்டர் கட்டையை அவள் பொறுக்கி எடுத்துத் துடைத்தாள்; மைக்ரோமீட்டரில் வைத்து மெல்லத் திருகினாள்; அப்படியே அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பதினேழு புள்ளி ஒன்பது எட்டு.

"அப்ப... இந்தப் பின்னு?"

"ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ரெண்டு பங்கு தடிமன் ஜாஸ்தி சார். துளைக்குள்ள போகாது. சுத்தியலால அடிச்சா போகும். ஆனா அப்புறம் ஜென்மத்துக்கும் வெளியே வராது."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "சரி. இப்ப நீங்கதான் இங்க தரக் கட்டுப்பாடுன்னு வெச்சுக்குவோம். என்ன செய்வீங்க?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தங்கையின் அறிவுரை ஜன்னல் வழியாகப் போய்விட்டிருந்தது.

"முதல்ல சிவப்புச் சீட்டு. உடனே பூட்டி வெச்சுடணும் சார். மேஜைமேல விட்டா, சாயங்காலத்துக்குள்ள யாராவது 'நல்லாத்தானே இருக்கு'னு எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"ரிப்பேர் பண்ணிட்டா முடிஞ்சதே?"

"கருவியை ரிப்பேர் பண்ணிடலாம். அது 'சரி'னு அனுப்பின பின்னுங்களையெல்லாம் என்ன பண்றது? கடைசியா அது ஒழுங்கா இருந்த தேதியிலேர்ந்து, அது தொட்டது அத்தனையும் சந்தேகம்தான். ஒண்ணு விடாம வேற மைக்ரோமீட்டர்ல அளக்கணும். ஏற்கெனவே வெளியே போயிருந்தா, வாங்கினவங்களுக்கு நாமளே போன் பண்ணிச் சொல்லணும்."

"நாமளேவா? நம்ம மானம் என்னம்மா ஆகும்?"

"நாம சொன்னா மானம் கொஞ்சம் கசங்கும் சார். அவங்க கண்டுபிடிச்சுச் சொன்னா கிழிஞ்சே போயிடும்."

மேலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பின்கழுத்தையும் துடைத்தார். நாலாவது நேர்காணலும் ஊத்திக்கொண்டது என்று அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோது, அவர் சிரித்தார். கொஞ்சம் பெரிய சிரிப்பாகவே சிரித்தார்.

"பிரமாதம்மா! இதுதான் பரீட்சையே! காலையிலேர்ந்து பதினோரு பேர் வந்தாங்க. எல்லாரும் 'பதினெட்டு, சரி'னு சொல்லிட்டுக் கைகுலுக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பிடிச்சீங்க. வேலை உங்களுக்குத்தான். இன்னிக்கே, இப்பவே! வெளியே ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

வராந்தா பெஞ்சில் உட்காரக்கூடப் பொறுமையில்லாமல், நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டாள்.

"கிடைச்சிடுச்சுடி!"

"வாயைத் திறக்காம இருந்தியாக்கா?"

"திறந்ததாலதான்டி கிடைச்சது! பழுதான மைக்ரோமீட்டரை வேணும்னே கையில குடுத்து, நம்மகிட்ட நேர்மை இருக்கான்னு ஆழம் பார்த்திருக்கார். முகத்துல ஒரு மாத்தம் காட்டணுமே! எமகாதகன்டி அந்த மனுஷன்!"

"உன்னையே ஏமாத்திட்டாருன்னா பெரிய ஆள்தான்" என்று தங்கை சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அறைக்கதவு படாரென்று திறந்தது. ஒரு காலில் மட்டும் ஷூவோடு மேலாளர் அவளைத் தாண்டி வாசலை நோக்கிப் பறந்தார்.

"வாட்ச்மேன்! கேட்டைச் சாத்துய்யா! பின்னுங்களை ஏத்தின லாரி எதையும் வெளியே விட்டுடாதே!"